தாந்தாமலையில் நாம் இருந்த பகல்

நிரோசா மகளுக்கு,

நேற்றுப் பின்னேரம் தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "நீங்க எங்கட வீட்டுக்கு வரக்குள்ள உங்களுக்குப் பயமா இரிக்கல்லயாம்மா?" என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இருக்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை என்பதால் வாய் அடைத்துப் போனது, அவ்வளவுதான். இன்று காலை உன் அப்பா வெளியே போனதும் முற்றத்தைக் கூட்டிவிட்டு, நீ பள்ளிக்கூடக் காலத்தில் எழுதிய அதே மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும். பொறுமையாக வாசி.

அடுத்த மாதம் உனக்குக் கலியாணம். திருகோணமலை ஆசுப்பத்திரியில் உன்னோடு வேலை செய்கிற அந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே வந்த அன்று சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவ எழுந்தார். முதல் மனைவி காய்ச்சலில் போனதைச் சொல்லும்போது குரலை மாற்றாமல் சொன்னார். அவருடைய மகன் கவின், ஐந்து வயது, தகப்பனின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றே உன்னைப் பார்த்தான். நீ நீட்டிய பிஸ்கற்றை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. உன் அப்பாவின் கூடப்பிறந்த தங்கேஸ் மாமி அதைப் பார்த்துவிட்டு மறுநாளே வந்தா. "படிச்ச புள்ள, அரசாங்க உத்தியோகம் பாக்குது, ரெண்டாந்தாரமாப் போகணும் எண்டு என்ன விதிகா?" என்று கேட்டா. கேட்டு முடித்த பிறகுதான் தான் ஆரிடம் கேட்கிறோம் என்பது அவவுக்கு விளங்கியது; நானும் இந்த வீட்டுக்கு இரண்டாந்தாரமாக வந்தவள்தானே. வெற்றிலைத் தட்டை இழுத்து, "உன்னச் சொல்லல்லகா, நீ வேற" என்றா. நான் சிரித்தேன். மாமி நல்லவ. வாய்தான் முன்னால் ஓடும். அந்த வாய் முன்னால் ஓடிய ஒரு நாளைப் பற்றித்தான் உனக்கு எழுதப் போகிறேன்.

பயமாக இருந்ததா என்று கேட்டாய். ஓம் மகள், நல்ல பயம். எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாய் வழியாக வருவது. வீடும் தாயிடமிருந்து மகளுக்கு வருவது. உனக்கு வரவேண்டிய வீடு பெரியகல்லாற்றில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்தது. அந்த வீட்டையும் உன் அம்மாவையும் தம்பியையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோய்விட்டது. நான் உனக்கு என் குடியைத் தர ஏலாது. தருவதற்கு என்னிடம் வீடும் இல்லை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் பிறந்தவள் நான். என் முதல் கணவர் ஒரு நாள் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில் செல் குண்டு விழுந்து செத்துப்போனார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிறகு சண்டை ஊருக்குள்ளேயே வந்தது. சனத்தோடு சனமாக வாவியைக் கடந்து, நாவற்குடாவில் ஒரு கூடாரத்தில் இரண்டு சேலையோடு வந்து இருந்தேன். பெறாத பிள்ளைக்கு எதைக் காட்டி நான் தாய் என்று நிற்பது என்பதுதான் என் பயம். பிள்ளை என்னை வெறுக்குமோ என்ற பயம்கூட அதற்குப் பிறகுதான்.

உன் அப்பாவை அந்த முகாமில்தான் கண்டேன். கடலுக்குப் பிறகு உன்னோடு நாவற்குடாவில் வந்து இருந்தவர், முகாமுக்கு மேசன் வேலைக்கு வந்தார். கிணற்றுக் கட்டை உயர்த்திப் பூசிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நீ நேரே அங்கே வந்து மணல் குவியலில் ஏறி உட்காருவாய். ஒருவரோடும் கதைக்க மாட்டாய். அப்பா நகர்ந்தால் நீயும் நகருவாய். அவர் தண்ணீர் குடிக்கப் போனாலும் பின்னால் போவாய். உன் தலைமயிர் சிக்குப்பட்டுக் கிடந்ததைக் கண்டு ஒரு நாள் சீப்பைக் கொண்டுவந்தேன். தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய். நான் சீப்பை மணலில் வைத்துவிட்டுப் போனேன். அடுத்த நாள் சீப்பு அங்கே இருக்கவில்லை. உன் தலையும் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் சீப்பை நீ எடுத்துக்கொண்டாய் என்பதில் எனக்கு ஒரு சந்தோசம். இப்படித்தான் மெல்ல மெல்ல, ஒரு வருடத்துக்கு மேல் போனது. நான் முகாமை விட்டுப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து, இடியப்பம் அவித்து விற்கத் தொடங்கியிருந்தேன். மாமிதான் முதலில் கதையை எடுத்தா. உன் அப்பா கனகாலம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் என்னிடம் வந்து, "என்ட புள்ள சம்மதிக்காட்டி நான் ஏலாது எண்டுவன். அதுக்கு நீங்க கோவிக்கப்படா" என்றார். அந்த ஒரு கதைக்காகவே நான் அவருக்குச் சம்மதம் சொன்னேன். ஒரு காரியம் மட்டும் கேட்டேன். எங்கள் ஆட்கள் எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் தாந்தாமலை முருகனிடம் போய்த்தான் கேட்பார்கள். கிழக்கில் சண்டை ஓய்ந்து, மலைக்கு மறுபடி சனத்தை விடத் தொடங்கியிருந்தார்கள். அங்கே போய்ப் பொங்கிவிட்டு, அந்த இடத்தில் வைத்து உன்னிடம் கேட்போம் என்றேன். கேட்பது உன் அப்பாவாக இருக்க வேண்டும் என்றும் பேசி வைத்திருந்தோம்.

அந்த ஆடியில் உன் அப்பா ஒரு உழவு இயந்திரத்தைப் பெட்டியோடு வாடகைக்குப் பிடித்தார். நீ, மாமி, நான், முகாமில் இருந்த எங்கள் ஊர்ச் சனம் கொஞ்சப் பேர். மண்முனைத் துறையில் அப்போது பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்கிற இரும்புத் தெப்பத்தில் வாகனமும் சனமும் ஒன்றாக ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். அது கரையை விட்டதும் நீ கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் சேட்டுக்குள் முகத்தை வைத்தாய். அந்தக் கரையில் இறங்கிக் கொக்கட்டிச்சோலை தாண்டிப் போகிற வழியெல்லாம் ஆமிக்காரர் இறக்கி ஏற்றினார்கள். அடையாள அட்டையைக் காட்டி, கொஞ்சத் தூரம் நடந்து, மறுகா ஏறினோம். வழியில் எங்கள் ஊர் வயல் வட்டையைக் கண்டேன். விதைப்பு இல்லாமல் பற்றை மண்டிக் கிடந்தது. பெட்டியில் வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் தன் வரம்பைக் காட்டி அழுதார்கள். நான் அழவில்லை. நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மலை என்று பெயர். உண்மையில் அது பெரிய பெரிய பாறைகள், காட்டுக்கு நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துக் கிடக்கிறது போல. கீழே கோயில், மடங்கள், திருவிழாவுக்கு மட்டும் முளைக்கிற கடைகள். அவற்றைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பழைய காலத்துக் கட்டடங்கள் இடிந்து கிடக்கும். பாதி மண்ணுக்குள் போன தூண்கள், பாறையில் வெட்டிய படிகள், எங்கள் காலத்துக் கல்லைவிட இரண்டு மடங்கு பெரிய செங்கற்கள். ஆர் கட்டியது, எந்த ராசா இடித்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். உன் அப்பா ஒரு செங்கல்லைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாச் சுட்டிரிக்கான்" என்று வைத்தார், தன்னோடு வேலை செய்த ஒருவனைப் பற்றிச் சொல்வது போல. எனக்கு அந்த இடம் கைரேகை மாதிரி. சின்ன வயதில் திருவிழா நடக்கிற நாளெல்லாம் எங்கள் சீவியம் அங்கேதான். என் அப்பா கச்சான் கடலைக் கடை போடுவார், நாங்கள் பாறைகளில் ஓடித் திரிவோம். ஆனால் இந்த முறை பாறைகளுக்கும் இடிபாடுகளுக்கும் நடுவில் சிவப்பு நாடா கட்டி, மண்டையோடு கீறிய பலகைகளை நட்டிருந்தார்கள். கோயிலும் அதற்குப் போகிற வழியும் மட்டும் துப்புரவாக்கிய இடம். மற்ற இடமெல்லாம் மிதிவெடி இருக்கலாம், ஒருவரும் நாடாவைத் தாண்டக் கூடாது என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

பொங்கல் பானை வைத்தாயிற்று. உன் தலையை முடிந்துவிட மாமி கூப்பிட்டா. நீ மாட்டேன் என்றாய். கையில் எண்ணெயோடு நின்ற மாமிக்குப் பொறுமை போய்விட்டது. "என்னட்ட ஏலாட்டி உன்ட சின்னம்மாட்டக் குடு புள்ள. இனி எந்த நாளும் அவதானே செய்யப்போறா" என்றா.

"ஆரு சின்னம்மா?" என்று கேட்டாய்.

மாமி வாயில் கையை வைத்தா. நீ என்னைப் பார்த்தாய், பிறகு அப்பாவைப் பார்த்தாய். "அப்பா, மாமி சொல்றது உண்மையா?" உன் அப்பா செய்திருக்க வேண்டியது உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வது. ஆனால் மனிதர் அடுப்புக்குக் குனிந்து, நன்றாக எரிகிற விறகைத் தள்ளித் தள்ளி விட்டார். நீ எழுந்து போனாய். குரங்கு பார்க்கப் போகிறாய் என்று நினைத்தோம். பானை பொங்கி வழிந்து, எல்லோரும் அரோகரா சொன்ன நேரத்தில்தான் நீ பக்கத்தில் இல்லை என்பது தெரிந்தது.

மடத்தடியில் இல்லை, கடைகளில் இல்லை. குளத்துப் பக்கம் போன ஒரு பெண்தான் கத்தினா. ஓடிப்போய்ப் பார்த்தால், நாடாவுக்கு அந்தப் பக்கம், பற்றைகளுக்கு நடுவில், தூண்கள் முறிந்து கிடக்கிற அந்தப் பழைய கோயில் மேடையில் நீ நின்றாய். மஞ்சள் சட்டை. மண்ணில் நீ ஓடிப்போன காலடி தெரிந்தது. உன் அப்பா நாடாவைத் தாண்டப் போனார். காவலுக்கு நின்ற ஆமிக்காரப் பொடியன் ஒருவன் அவரை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு, "எப்பா, எப்பா! போக வேணாம்!" என்று சிங்களமும் தமிழுமாகக் கத்தினான். அவனுக்கும் அழுகை வரப்பார்த்தது. வெடி எடுக்கிறவர்கள் வேறு பக்கம் வேலையில் இருந்தார்கள், அவர்களுக்கு ஆள் அனுப்பினார்கள். இவ்வளவு சனம் கூடி நின்று கத்துவதைக் கண்டு நீ வெருண்டுபோனாய். ஒரு கால் மேடையை விட்டு இறங்கப் பார்த்தது.

"அசையாத புள்ள! அதிலயே நில்லு, நான் வாறன்!" என்று என்னை அறியாமல் கத்தினேன்.

உன் முகம் மாறியதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "வராதீங்க! நீங்க வராதீங்க!" என்று கத்தினாய். இந்தப் பிள்ளைக்கு என்னை இவ்வளவு வேண்டாமா என்றுதான் நினைத்தேன். உன் அப்பாவைப் பார்த்து, "எனக்கு அந்தக் கல்லு தெரியும். குளத்தடியால கிறுகிப் போனா மேடை வரைக்கும் ஒரே பாறைதான், பாறைக்குள்ள ஆரும் வெடி புதைக்க ஏலாது. நீங்க இஞ்சயே நில்லுங்க, புள்ளைக்கு உங்கட முகம் தெரியணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அந்தப் பொடியன் என்னையும் மறிக்க வந்தான். அவனுக்கு இருந்தது இரண்டு கை, இரண்டும் உன் அப்பாவிடம்.

உன்னிடம் வருவதற்கு நான் முதலில் உன்னை விட்டு விலகிப் போக வேண்டியிருந்தது. குளத்துக்கு இறங்கி, மறுபக்கம் பாறையில் ஏறி, மேடைக்குப் பின்பக்கமாக வர வேண்டும். அவ்வளவு தூரமும் நான் உன் கண்ணுக்குத் தெரிய மாட்டேன். இதை எண்ணியதும், என் குரலாவது உனக்குக் கேட்க வேண்டும் என்று பட்டது. கத்திக் கதைக்கத் தொடங்கினேன். "குளத்தடியில நிக்கிறன் புள்ள! இப்ப கல்லில ஏறுறன்! வழுக்குது, மெல்லமாத்தான் வாறன்!" சொல்வதற்கு அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் நிறுத்தப் பயம். அதனால் நாளைக்கு என்ன கறி சமைப்பேன் என்று சொல்லத் தொடங்கினேன். இறாலைச் சுத்தம் பண்ணி, முருங்கைக்காய் போட்டு, பால் இறுக்கி, புளி கரைத்துவிட்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முருகனுக்கு விரதம் பிடித்து வந்த நாளில் மலை முழுக்கக் கேட்கிற மாதிரி இறால் கறி. உன் அப்பா பிறகு கனகாலம் அதைச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. கல் தெரிகிற இடத்தில் மட்டும் கால் வைத்து, சருகு கிடந்தால் குனிந்து ஊதிப் பார்த்து, கல்தான் என்று கண்டால் மட்டும் மிதித்து வந்தேன். மேடைக்குக் கிட்ட வந்ததும் ஒரு பாய் அகலத்துக்கு மண். சின்ன வயதில் அந்த இடத்தில் மண் இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அதன் மேல் ஒரு தூண் விழுந்து குறுக்கே கிடந்தது. அதில் படுத்துத் தவழ்ந்து, சேலை கிழிய, முழங்கால் தேய, உன் பின்னால் வந்து சேர்ந்தேன்.

நீ திரும்பிப் பார்த்தாய். அப்படியொரு ஆச்சரியத்தை நான் ஒரு பிள்ளையின் முகத்திலும் கண்டதில்லை. "வந்திற்றீங்க" என்றாய். அந்தக் கத்தலை விட்டால், அதுதான் நீயாக என்னோடு கதைத்த முதல் சொல்.

"வந்திற்றன்" என்றேன்.

"மறுகா போவீங்களா?"

"போக ஏலாது புள்ள, அந்தத் தூணில இன்னொருக்காத் தவழ என்னால ஏலாது. அவங்க வந்து வழி எடுக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் இதிலதான் இரிக்கணும்."

இருந்தோம். வெடி எடுக்கிறவர்கள் நாடாவடியிலிருந்து ஒவ்வொரு சாணாக மண்ணைத் தட்டித் தட்டி வரத் தொடங்கினார்கள். வெயில் தலைக்கு நேரே வந்தது. என் கிழிந்த முந்தானையை இரண்டு பேர் தலையிலும் போட்டுக்கொண்டு, ஆர் செதுக்கியதோ தெரியாத ஒரு தாமரைக் கல்லில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நீ அந்தப் பூவிதழை விரலால் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், கதைத்தாய். நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள் காலை. அப்பா டவுனில் வேலைக்கு. தண்ணீர் வருகிறது என்று சனம் ஓட, உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, பக்கத்து வளவில் அரைகுறையாகக் கட்டிக் கிடந்த மாடிவீட்டுப் படியில் ஏற்றி விட்டிருக்கிறா. "இதிலயே நில்லு, அசையாத, தம்பியத் தூக்கிற்று வாறன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி ஓடியிருக்கிறா. இவ்வளவும் உன் அப்பாவுக்கும் ஊருக்கும் தெரியும். தெரியாத ஒன்றை நீ எனக்குச் சொன்னாய்.

"நான் அசைஞ்சிற்றன். தண்ணி வந்தோண்ண மேல ஏறிற்றன். அம்மா சொன்ன இடத்தில நான் நிக்கல்ல. அம்மா வந்து பாத்திரிப்பா. என்னக் காணாமத் தேடிப் போயிரிப்பா."

ஐந்து வயதிலிருந்து ஒன்பது வயது வரைக்கும் நீ இதை ஒருவரிடமும் சொல்லாமல் சுமந்து திரிந்திருக்கிறாய். மணல் குவியலில் உட்கார்ந்து அப்பாவைக் கண்ணால் கட்டி வைத்திருந்ததும் இதனால்தான். நான் அசையாதே, வாறன் என்று கத்தியபோது நீ காதைப் பொத்தியதும் இதனால்தான். வாறன் என்று சொல்லிப் போனவர்கள் வரவில்லை என்பதுதான் உனக்குத் தெரிந்த உலகம். நான் படிச்சவள் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "அம்மா உன்ன அந்தப் படியில நில்லு எண்டு சொல்லல்ல புள்ள. உசிரோட நில்லு எண்டுதான் சொன்னவ. தண்ணி வரக்குள்ள நீ மேல ஏறினதாலதான் அவ சொன்னதச் செஞ்சிரிக்காய். நீ நல்ல புள்ள."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கிற பார்வை. பிறகு அழுதாய். சத்தமாக, வாயைத் திறந்து, ஒன்பது வயதுப் பிள்ளை அழ வேண்டிய மாதிரி அழுதாய். அந்தப் பக்கம் நின்ற உன் அப்பா, வெடிக்குப் பயந்து அழுகிறாய் என்று நினைத்து, "அழாத மகள், இந்தா வந்திற்றாங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் அவருக்குக் கையைக் காட்டி அடக்கினேன். அழட்டும் என்று விட்டேன்.

பின்னேரமாகித்தான் வழி கிடைத்தது. முன்னால் வந்தவன் வயது போன ஆள். முகமூடியைத் தூக்கிவிட்டு, தன் தண்ணீர்ப் போத்தலை உனக்குத் தந்து, "நங்கி, தங்கச்சி, பய வேணாம், என்ட கால் வெச்ச இடத்தில கால்" என்றான். நீ ஓடிப்போன தடத்துக்குப் பக்கத்தில், ஒரு கை எட்டுகிற தூரத்தில், சிவப்புக் கம்பு ஒன்றை நட்டிருந்தார்கள். அது எதற்கென்று நான் கேட்கவில்லை. அதைக் கண்ட உன் அப்பா நிலத்தில் குந்திவிட்டார். மாமி தலையில் அடித்து அழுதுகொண்டு ஓடிவந்து, உன்னைக் கட்டிப் பிடித்து, "என்ட வாய்க்குக் கொள்ளி வெக்கணும்" என்று தன்னையே திட்டிக்கொண்டா. பொங்கல் ஆறிப்போயிருந்தது. அதைத்தான் நாம் எல்லோரும் கையால் அள்ளிச் சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான பொங்கலை நான் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

இதற்குப் பிறகு நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழையபடி பேசாப் பிள்ளையானாய். நான் உன் அப்பாவிடம், இனி ஒருவரும் அவளிடம் ஒன்றும் கேட்கக் கூடாது, கலியாணப் பேச்சும் வேண்டாம் என்று சொன்னேன். அவர் ஓம் என்றார். இடியப்பம் விற்று முடிந்ததும் உங்கள் வீட்டுக்கு வந்து இருக்கிற நேரமெல்லாம், உன்னிடம் அடுப்படிக்குப் போய்விட்டு வாறன், கடைக்குப் போய்விட்டு வாறன் என்று சொல்லாமல் நான் எங்கும் போகவில்லை. சொன்னால் சொன்ன நேரத்துக்கு வந்தேன். மழையில் பஸ் இல்லாமல் டவுனிலிருந்து நடந்தும் வந்திருக்கிறேன். அடுத்த தைப்பொங்கலுக்கு மாமி வந்திருந்தபோது நீ தானாகப் போய் அவவிடம், "அவங்க அந்த அறைக்கு வாடகை குடுக்கிறது எதுக்கு? எங்கட வீட்ட இரிக்கட்டும்" என்று சொன்னாயாம். மாமி அன்றைக்கே நாள் பார்த்துவிட்டா. கோயிலில் ஒரு மாலை, பதிவுக் கந்தோரில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் எங்கள் கலியாணம். உன் அம்மாவின் படத்துக்கு முதல் மாலையைப் போட்டுவிட்டுத்தான் போனோம். அந்த மாலையைப் போட்டது நீ.

கவின் உன்னோடு கதைக்கிறானில்லை என்று நேற்று கவலைப்பட்டாய். அவனுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதே. நானும் மலையில் அப்படித்தான் நினைத்தேன், பிழையாக நினைத்தேன். அவனுடைய அம்மாவின் படத்தை வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்திலேயே இருக்க விடு, தூசியைத் துடைத்து வை. அவவைப் பற்றி அவன் கேட்டால் தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தகப்பனிடம் கேட்டுச் சொல். எங்காவது போவதானால் அவனிடம் சொல்லிவிட்டுப் போ, சொன்னபடி திரும்பி வா. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நீ அங்கே போய் உன் கையால் கண்டுபிடிப்பது. இரவு வேலை முடிந்து களைத்து வருகிற நாட்களில் உனக்குக் கோபம் வரும், அவனுக்கும் வரும். வரட்டும். கோபிக்கிற பிள்ளை பக்கத்தில்தான் நிற்கிறது.

நீ என்னை எப்போது அம்மா என்று கூப்பிட்டாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. ஒரு வருடத்துக்கு மேலாக எனக்குப் பெயரே இருக்கவில்லை. "இஞ்ச", "கேளுங்க", "அவங்க" என்று ஓட்டிக்கொண்டிருந்தாய். மலையிலோ கலியாணத்திலோ திருவிழாவிலோ அது நடக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூட வான் வந்து ஹோர்ன் அடிக்கிறது, நீ ஒரு காலில் சப்பாத்தோடு வாசலில் நின்று, எரிந்து விழுந்துகொண்டு, "அம்மா, மத்தச் சப்பாத்து எங்கம்மா? கெதியாப் பாருங்களன்!" என்று கத்தினாய். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பாதித் தேங்காயைத் திருவலையிலேயே விட்டு எழுந்தேன். உன் அப்பா முகச்சவரம் செய்கிற கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். நீயோ என்ன சொன்னாய் என்றே அறியாமல் ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டு நின்றாய்.

அதனால் சொல்கிறேன் மகள், அவன் உன்னை எப்போது, என்ன சொல்லிக் கூப்பிடுவான் என்று வாயைப் பார்த்துக்கொண்டு இருக்காதே. அன்றைக்கு நான் கட்டிலுக்குக் கீழே குனிந்து, சப்பாத்தை எடுத்து, தூசியைத் தட்டி, உன் காலில் போட்டு நாடாவை முடிந்துவிட்டேன். நீ ஓடிப்போய்ப் பள்ளிக்கூட வானுக்குள் ஏறினாய்.

உன் அம்மா